வாசலில் ஒருவர்

உள்ளே கண்டக்டருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே பார்வையாளர்கள் வந்துவிட்டார்கள்.

நான் வாசலை மறித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பராமரிப்பு இல்லத்தில் எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. யாராவது விழுந்தால் உடனே உள்ளே போக வேண்டுமாம். சாத்தினாலும் கதவு தானாகத் திறந்துகொள்ளும்.

கட்டிலைச் சுற்றி ஒரு திரை இருந்தது. நன்கொடையாளர்கள் வருகிறார்கள், எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அதையும் காலையிலேயே சலவைக்குப் போட்டுவிட்டார்கள்.

மேலாளருக்குப் பின்னால் ஆறேழு பேர். பழக்கூடை, கேமரா.

"வழி விடுப்பா" என்றார் மேலாளர்.

"கொஞ்சம் பொறுங்க சார். ஆயாம்மா உள்ள வேலையா இருக்காங்க."

முன்னால் நின்ற அம்மாள் கனிவாகச் சிரித்தார். "பரவாயில்லப்பா. எங்களுக்கு அவர் அப்பா மாதிரி."

"அப்பான்னா வெளிய நில்லுங்கம்மா."

சிரிப்பு நின்றது.

மேலாளர் குனிந்து என் காதருகே வந்தார். "உனக்கு இங்க இருக்கணுமா, வேண்டாமா?"

இருக்க வேண்டும். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. மனைவி இறந்த பிறகு வாடகை வீட்டையும் காலி செய்தாகிவிட்டது.

அவள் போனதிலிருந்து எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று தலையாட்டவில்லை.

அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. வாழ்நாளெல்லாம் பேருந்தில் கத்திப் பழகிய குரல்.

"வண்டி ஃபுல்லு! படியில தொங்காதீங்க! அடுத்த வண்டியில வாங்க!"

கேமரா வைத்திருந்தவன் முதலில் சிரித்தான். அப்புறம் அந்த அம்மாள். அவரே எல்லோரையும் வராந்தா பெஞ்சுக்கு அழைத்துப் போனார். மேலாளரும் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று.

கதவு திறந்தது. நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

தலை வாரி, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு, கண்டக்டர் தன் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க. ஒரு வேலை பாக்கி இருக்கு, முடிச்சுட்டு வரேன்" என்றார் அவர்களிடம்.

பிறகு என்னிடம் திரும்பினார். "போ தம்பி. ஆயாம்மா காத்திருக்காங்க. வாசலை நான் பாத்துக்கறேன்."

ஆயாம்மா என் சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பி, கண்டக்டர் கட்டிலுக்கு அடுத்திருந்த என் கட்டிலை நோக்கித் தள்ளினார். மனைவியைக் கொண்டுபோன விபத்து, என் இடுப்புக்குக் கீழே எதையும் விட்டுவைக்கவில்லை.

கண்டக்டர் வாசலில் தன் நாற்காலியைக் குறுக்காக நிறுத்திக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.