ஜன்னலில் காயும் துண்டு

ஈரத் துண்டோடு மொட்டை மாடிக்கு ஏறி வந்த அப்பா, கொடியைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்த வழியே விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

கொடியில் மகளின் துணி நாப்கின்கள் ஆறு, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

மாடியில் நின்றிருந்த அவளுக்குச் சுருக்கென்றது. மாதாமாதம் இதே கூத்துதான். அந்த நாலைந்து நாளும் அப்பாவின் துண்டு மாடிக்கு வராது. கீழே ஜன்னல் கம்பியில்தான் தொங்கும்.

அப்பாவுக்கு வேலை, பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில். யார் யாரோ படுத்துப் புரண்ட விரிப்பையெல்லாம் முகம் சுளிக்காமல் துவைக்கிற மனுஷர். பெற்ற பெண்ணின் துணி மட்டும் கண்ணில் படக்கூடாதாக்கும்!

அம்மா இருந்திருந்தால் நறுக்கென்று கேட்டிருப்பாள். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

அந்த நாட்களில் விடியற்காலையில் அவளுக்கு ஒரு கனவு வரும். எங்கேயோ ஓர் ஓடை. ஆள் அரவமே இருக்காது. தண்ணீர் சலசலவென்று ஓடும். காற்றில் பூ வாசனை. அவள் எடையே இல்லாமல் தண்ணீர் மேல் மிதந்துகொண்டு போவாள்.

கண் விழித்தால் ஓடை இருக்காது. அப்பா முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருப்பார். முந்தின நாள் அவள் சோப்புப் போட்டு அலசி, வாளித் தண்ணீரில் போட்டுவைத்த துணிகள் மட்டும் காத்திருக்கும். பூ வாசனை கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது ஒன்றும் அதிசயமில்லை. அப்பாவின் சட்டையோடு சேர்ந்து சலவைக்கூடத்து வாசனை வீடு முழுக்கக் குடியிருந்தது.

மறுநாள் அவள் வேலை பார்க்கும் கடிகாரக் கடையில் மானம் போயிற்று. வெளிர் மஞ்சள் யூனிபார்மில் கறை. அவள் கவனிக்கும் முன்பே வாடிக்கையாளர் ஒருவர் கவனித்துவிட்டார்.

சூப்பர்வைசர் அம்மா தனியே கூப்பிட்டார்.

"போன மாசமும் இப்படித்தான் ஆச்சு. இன்னொரு தடவை ஆச்சுன்னா உன்னை கவுண்டர்ல நிறுத்த முடியாதும்மா. பின்னாடி கோடவுன்ல பெட்டி அடுக்கத்தான் போகணும்."

அவளுக்கு உயிரே போன மாதிரி இருந்தது. மத்தியானம் நூறு கடிகாரமும் முன்னே பின்னே மணியடிக்கும்போது கவுண்டரில் கண்ணை மூடி நிற்பாளே, அந்த ஒரு நிமிஷத்துக்காகவே வேலைக்குப் போகிறவள் அவள். கோடவுனில் என்ன இருக்கிறது? அட்டைப் பெட்டிதான்.

சாயங்காலம் வீட்டில் கொடியிலிருந்த நாப்கின் ஒன்றை உருவிக்கொண்டு, நேரே தையல் அக்காவிடம் போய் நின்றாள்.

"என்னக்கா தச்சுக் குடுத்திருக்கீங்க? முதல் ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ஒரு சொட்டுகூட நிக்கல. உங்களால என் வேலையே போயிடும் போலிருக்கு!"

அக்கா கோபப்படவில்லை. துணியை மேஜைமேல் விரித்து, விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். சொட்டு உள்ளே இறங்கவில்லை. முத்து மாதிரி உருண்டு தரையில் விழுந்தது.

"பார்த்தியா? என் தையல்ல குத்தமில்ல. துணியை மெத்துன்னு ஆக்குற வாசனை லிக்விட் போட்டு அலசியிருக்கே. அது மெழுகு மாதிரி படிஞ்சிடும். அப்புறம் துணி எப்படி உறிஞ்சும்?"

"சத்தியமா இல்லக்கா! பச்சைத் தண்ணி, சோப்பு, வெயில். நீங்க சொன்னதுக்கு மேல நான் எதுவும் பண்ணல."

அக்கா துணியை முகர்ந்து பார்த்தார்.

"அப்ப உங்க வீட்ல வேற யாருக்கோ கை சும்மா இருக்கல. சுடுதண்ணியில நாலஞ்சு தடவை அலசு, சரியாயிடும்."

மறுநாள் விடியற்காலையிலும் ஓடை ஓடியது. சலசலவென்ற அதே சத்தம், அதே பூ வாசனை. மிதந்துகொண்டே போனவள் பாதி வழியில் கண்ணைத் திறந்தாள்.

கண்ணைத் திறந்த பிறகும் ஓடை நிற்கவில்லை.

எழுந்து போனாள். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அப்பா வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நீல நிறத் திரவத்தை ஒரு மூடி அளவு ஊற்றினார். ஒவ்வொரு துணியாக, பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி முக்கி எடுத்தார்.

"அப்பா!"

கையிலிருந்த மூடி உருண்டு ஓடியது.

"அது வந்து... வெயில்ல காஞ்சா அட்டை மாதிரி விறைச்சுக்குதும்மா. அதை வச்சுக்கிட்டு எட்டு மணி நேரம் நிக்கிறியே. ஓட்டல்ல தங்குற பெரிய ஆளுங்க துண்டுக்கெல்லாம் இதைத்தான் ஊத்துறோம். என் பொண்ணுக்கு ஊத்தக் கூடாதா? மேனேஜர்கிட்ட கேட்டுத்தான் கொண்டு வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தையல் அக்கா காட்டிய தண்ணீர்ச் சொட்டைப் பற்றியும், கடையில் சூப்பர்வைசர் அம்மா எச்சரித்ததைப் பற்றியும் சொன்னாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! முப்பது வருஷம் துவைச்சு என்ன பிரயோஜனம்! உன் வேலைக்கு நானே உலை வச்சிட்டேனே!"

"அதெல்லாம் சரியாயிடும்ப்பா. ஆனா ஒண்ணு கேக்கணும். திருட்டுத்தனமா இவ்வளவு பண்றீங்க. மாடியில பார்த்தா மட்டும் எதுக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஓடுறீங்க? அசிங்கமா இருக்கா?"

அப்பா வாளியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் அங்க நின்னா நீ கூச்சப்பட்டு, உள்ள கட்டிலுக்கு அடியில கொண்டுபோய்க் காயப்போட்டுடுவியேம்மா. என் துண்டு ஜன்னல்லயே காஞ்சுக்கும். உன் துணிக்குத்தான் வெயில் வேணும்."