கடைசிப் பட்டனுக்கு ஒரு வேலி

“வளையலக் கழட்டு. இல்லைன்னா வேலையை விட்டுட்டு வீட்டுக்குப் போயிரு!”

பட்டறை முதலாளி ஜஹாங்கீர் பாய் போட்ட சத்தம் தாராவி தொண்ணூறடி ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

செண்பகவல்லிக்கு ஏழாம் மாதம். போன ஞாயிறுதான் வளைகாப்பு. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். பிள்ளை பெறுகிற வரைக்கும் கழற்ற மாட்டாள். வளையல் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

எங்கள் தோல் பட்டறைக்கு வந்த புதுக் கம்ப்யூட்டரில் பில் அடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கீபோர்டின் இடது ஓரத்தில், கீழே கடைசியாக ஒரு பட்டன். எங்கள் பில் புரோகிராமில் அது அமுங்கினால் அடித்த பில் மொத்தமும் காலி. காலையிலிருந்து இரண்டு தடவை காலியாகிவிட்டது. வாசலில் பார்சல் ஏற்றிய டெம்போக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

வளையல்தான் இடிக்கிறது என்றார் பாய். செண்பகம் கண் கலங்கி நின்றாள். மில் மூடியதிலிருந்து அவள் புருஷனுக்கு வேலை இல்லை. இவள் சம்பளமும் நின்றால் அடுப்பு எரியாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைத்தாய்ச்சியிடம் பேசுகிற பேச்சா இது?

தையல் மிஷினை விட்டு எழுந்தேன். “பாய், கொஞ்சம் பொறுங்க. அவ வளையல் கையிலேயே கிடக்கட்டும். அந்தப் பட்டனுக்கு நான் வேலி போடுதேன்.”

பெல்ட் வெட்டுகிற கெட்டித் தோலில் ஒரு துண்டு எடுத்தேன். சதுரமாக மடித்துத் தைத்து, அந்தப் பட்டனைச் சுற்றி நிறுத்தினேன். இனி வளையல் வந்தால் வேலியில்தான் மோதும்.

செண்பகம் மறுபடி முதலிலிருந்து அடித்தாள். வளையல் அதுபாட்டுக்குக் குலுங்கியது. ஒரு எழுத்துகூட அழியவில்லை.

“ராபியாக்கா, முடிஞ்சிட்டு!” என்று கூவினாள். நானே பில் அடித்த மாதிரி சந்தோஷம்.

பாய் சரிபார்க்க வந்தார். ஸ்கிரீனுக்குள் தலையை விடுகிற மாதிரி குனிந்து, வரி வரியாகப் படித்தார். நாங்களும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பில் காணாமல் போனது.

“யா அல்லா! இப்பவாவது ஒத்துக்கிடுவியா?” பாய் அவள் வளையலைப் பார்த்துக் கையை நீட்டினார்.

நீட்டிய கையின் உள்ளங்கையில் சதுரமாக ஒரு கறுப்புக் கோடு.

தோலை வெட்டினால் ஓரத்துக்குக் கறுப்புச் சாயம் தடவாமல் எனக்குக் கை நிற்காது. வேலிக்கும் தடவியிருந்தேன். சாயம் இன்னும் காயவில்லை. வேலி நசுங்கிக் கிடந்தது. காலையில் இரண்டு தடவையும் பாய் சரிபார்க்கக் கையை ஊன்றிக் குனிந்தபோதுதான் பில் போனது என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

செண்பகத்தின் வளையலில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

பாய் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் வாசலைப் பார்த்து, “பாயி, தோடா ருக்கோ, கல்தி மேரா ஹை!” என்று டெம்போக்காரனுக்கு இந்தியில் குரல் கொடுத்தார். கொஞ்சம் பொறு, தப்பு என்னுடையதுதான் என்று அவரே ஒத்துக்கொண்டார்.

செண்பகம் சிரித்துக்கொண்டே மறுபடி அடித்தாள். அவள் முடிக்கிற வரைக்கும் பாய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.