அது யாருடைய கை

இடுப்பில் ஒரு கை. அதோடு படம் நின்றது.

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் அந்தக் கை தாம்பாளம் அளவுக்குத் தெரிந்தது. விரலில் ஒரு மோதிரம். மணிக்கட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை. ஷிப்ட் முடிந்து பெண்கள் நெருக்கியடித்து வெளியேறும் வரிசை. நடுவே, எங்கிருந்தோ நீண்டு வந்த கை.

அது பிடித்திருந்த மஞ்சள் சுடிதார் முனீஸ்வரியுடையது.

படத்தை எடுத்தவள் முனீஸ்வரியோடு அதே கம்பெனி விடுதியில் இருப்பவள். வரிசையை எடுக்கத்தான் நினைத்தாள். கை தானாக வந்து விழுந்தது.

போன மாதம் முனீஸ்வரி ஆள் பெயரைச் சொல்லியே புகார் கொடுத்தாள். நெரிசலில் யார் கை பட்டது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டு, வார்டன் விசாரணையை முடித்துவிட்டார். கமுதியிலிருந்து பனியன் கம்பெனிக்குப் பிழைக்க வந்தவளுக்குப் பொய்க்காரி என்ற பெயர்தான் மிச்சம். அவளை ஊருக்கே அனுப்பிவிடப் போவதாகப் பேச்சு.

இப்போது கை சுவரில் இருந்தது.

முன்வரிசையில் லைன் சூப்பர்வைசர் வெள்ளியங்கிரி எழுந்தான். படம் போடும் இடத்தில் ஒரு கண் இருக்கட்டும் என்று கம்பெனி அனுப்பிய ஆள்.

"ஏனுங் மேடம், இத எடுக்கறதுக்கு என்னையக் கேட்டீங்களா?"

கேட்டீங்களாவாம்.

புதுச் செருப்பு மாதிரி அந்தச் சொல் அவன் நாக்கைக் கடித்திருக்க வேண்டும். குரலில் உண்மையாகவே ஒரு நடுக்கம். அவமதிக்கப்பட்டவனின் நடுக்கம்.

"ஒருத்தரோட சம்மதமில்லாம எடுக்கறது தப்புங்களா, இல்லீங்களா? நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க."

அது ஷெரின் சொல்லிக்கொடுத்ததுதான். சென்னையிலிருந்து வந்து இவர்கள் கையில் கேமராவைக் கொடுத்த பெண். உங்கள் கதையை நீங்களே எடுங்கள் என்பாள். எடுத்ததை எல்லாருக்கும் போட்டுக் காட்ட வேண்டும். படத்தில் இருக்கிறவர் வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். எடுத்தவளே அழிக்க வேண்டும்.

ஷெரின் கையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள்.

"அக்கா... அவர் வேணாம்னா..."

நல்ல பெண். அந்த நல்லதனம்தான் குமட்டியது.

கேமரா படம் எடுத்தவள் மடியில் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"எத சார் அழிக்கணும்? இதுல ஒங்க மூஞ்சியே இல்லையே."

"மூஞ்சி எதுக்கு? என்ர கை எனக்குத் தெரியாதா?"

பின்பெஞ்சில் யாரோ தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள்.

"சரியாக் கேக்கல சார். யாரு கையி?"

"என்ர கை! என்ர மோதிரம்! எத்தன தடவ சொல்றது? அழி மொதல்ல."

வார்டன் மடியிலிருந்த துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

படம் எடுத்தவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இவன் வருகிறான் என்றால் சுவரோரம் ஒதுங்கி நடந்திருக்கிறாள். இவன் கண்ணில் படாமலிருக்கக் கழிப்பறைக்குப் போவதை அடக்கியிருக்கிறாள். ஏதோ பெரிய மிருகம் என்று நினைத்திருந்தாள்.

இவ்வளவுதானா மூளை?

இதற்கா பயந்தோம் என்பது, பயந்ததைவிடக் கேவலமாக இருந்தது.

அவள் பொத்தானை அழுத்தினாள். நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று கேமரா கேட்டது. அதுகூடக் கேட்கிறது. ஆமாம் என்று அழுத்தினாள்.

வேட்டி வெறும் வெள்ளையாயிற்று.

"ஸாரிக்கா" என்றாள் ஷெரின், கண் கலங்கி.

வெள்ளியங்கிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நியாயம் கிடைத்தவன் உட்காருகிற மாதிரி, காலைப் பரப்பி.

பின்னால் ஒரு பெஞ்சு இழுபட்டது. அப்புறம் இன்னொன்று. தகரக் கூரை அதிர, எல்லாப் பெஞ்சுகளும்.

சத்தம் அடங்கியபோது கூடமே அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. வேட்டியை யாரும் பார்க்கவில்லை.

"அதான் அழிச்சாச்சல்லொ" என்றான். "இன்னும் என்ன பாக்கறீங்க?"

முனீஸ்வரி மட்டும் அவனைப் பார்க்கவில்லை. அவள் வார்டனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.