மனிதரே எடுப்பார்

"மனித குலத்தோட ஞாபகத்தையே நாங்கதான் காப்பாத்திட்டு இருக்கோம், டாக்டர்" என்று கணீரென்று ஆரம்பித்தவர், மடிக்கணினிக்கு பிளக் பாயின்ட் எங்கே என்று கேட்டார்.

பல் மருத்துவர் மேசைக்கு அடியில் கை காட்டினார். வந்தவர் குனிந்து, மண்டையை இடித்துக்கொண்டு, அதே கம்பீரத்தோடு நிமிர்ந்தார்.

டாக்டருக்கு மனித குலத்தைப் பற்றிக் கவலை இல்லை. எக்ஸ்ரே படங்களைப் பற்றித்தான். அவற்றை வேறொரு கம்பெனியின் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், வைத்திருந்தார். போன வாரம் இரண்டு நாள் ஒரு படமும் திறக்கவில்லை. எந்தப் பல்லைப் பிடுங்குவது என்று தெரியாமல், வாயைத் திறந்த பதினொரு பேரை மூடச் சொல்லி அனுப்பிவைத்தார். அந்தக் கம்பெனிக்கு போன் செய்தால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இயந்திரம்தான் பேசியது.

ஒப்பந்தத்தில் டாக்டரின் கையெழுத்து கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் தன் கிளவுட் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்பது வந்தவருக்குத் தெரியும். ஆனால் அவர் பேச்சில் அது தெரியவில்லை. மற்றவர்கள் ஒரே ஊரில் வைக்கும் படங்களை நாங்கள் மூன்று ஊர்களில் பிரதி எடுத்து வைக்கிறோம் என்றார். எங்கள் பொறியாளர் குழு, எங்கள் பாதுகாப்புக் குழு, எங்கள் இரவுக் குழு என்று அடுக்கினார். வாடிக்கையாளர்கள் எங்களுக்குக் குடும்பம் மாதிரி என்றார்.

"போன தடவை வந்தவரும் குடும்பம்னுதான் சொன்னார். குடும்பம்னா போனை எடுக்கணும்ல?"

"அங்கதான் டாக்டர் வித்தியாசமே. எங்ககிட்ட எந்நேரமும் மனுஷர்தான் எடுப்பார்."

பழைய படங்கள் எல்லாவற்றையும் திங்கட்கிழமைக்குள் மாற்றித் தர முடியுமா என்று டாக்டர் கேட்டார். தொழில்நுட்பத் தலைவரைக் கேட்டுச் சொல்வதாக வந்தவர் வராந்தாவுக்குப் போனார். போனைக் காதில் வைத்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். குரல் ஒரு கட்டத்தில் உயர்ந்தது. நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "மனுஷன் மசியவே இல்ல. உங்களுக்காக சண்டை போட்டு சம்மதிக்க வச்சிருக்கேன்."

டாக்டர் பேனாவைத் திறந்தார். ஆனால் கடித்துப் பார்க்காமல் எந்தப் பல்செட்டையும் வாங்கிப் பழக்கமில்லாதவர் அவர். விசிட்டிங் கார்டில் இருந்த உதவி எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

இரண்டாவது மணியிலேயே ஒரு மனிதர் எடுத்தார். பொறியாளர் யாராவது இருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார்.

"ஆபீஸ்ல யாரும் இல்லம்மா. அவன் ஒருத்தன்தான் எல்லாமே. நான் அவன் அப்பா பேசறேன். யாரோ டாக்டரைப் பாக்கணும்னு என் சட்டையைப் போட்டுட்டுப் போயிருக்கான். வந்ததும் பேசச் சொல்லட்டுமா?"

டாக்டர் பேனாவை மூடிவிட்டு எதிரே இருந்தவரைப் பார்த்தார். சட்டை தோளில் இரண்டு விரல் பெரிதாகத்தான் இருந்தது.