போட்டுப் பார்க்க மட்டும்

“கலா, அந்த நெட்டப் பொம்புள திரும்பவும் வாறா, பாரு.”

மஹ்ரூப் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். தாழ்த்தாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது, கடையில் அவரையும் வேலைக்கு நிற்கிற கலாராணியையும் தவிர வேறு யாரும் இல்லை. நோன்பு மாதம் போனால் கண்டியில் பெண்களுக்கான அபாயா அங்கி வியாபாரம் ஈ ஓட்டுகிற வேலைதான்.

காலையில் ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். தொங்கியதில் பாதியைப் போட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி முன்னால் அப்படியும் இப்படியும் திரும்பினார்கள். கடைசியில் மகள் ஃபோனை நீட்டினாள்.

“அங்கிள், இதே மாடல் ஒன்லைன்ல ஒங்கட விலைய விடக் குறைய ஈக்கு. சைஸ் பாக்கத்தான் வந்த.”

முகத்துக்கு நேரே சொன்னதற்கு அவளைப் பாராட்டத்தான் வேண்டும். மற்றவர்கள், “வீட்டுல கேட்டுட்டு வாறோம்” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

“அது கொப்பி மகள், போலிச் சாமான். ரெண்டு தரம் கழுவினா வெளுத்துப் போகும்” என்றார் மஹ்ரூப். சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துப்போன பேச்சு அது.

அபாயாக்களைத் தைப்பது அவருடைய மனைவி மஸாஹிரா. வீட்டில் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு தைக்கிறாள், பூவேலை மட்டும் அவள் கையாலேயே. “போதும், கடைய மூடிடுங்க” என்று அவளும் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

மூடாமல் இருப்பதற்கு ஒரே காரணம் குண்டசாலை றமீலா. வியாழன்தோறும் புது மாடல்களில் இரண்டு பை நிறைய மொத்த விலைக்கு எடுப்பாள். மஹ்ரூப்பைப் பொறுத்தவரை அவளைப் பார்த்ததும் இல்லை, குரலைக் கேட்டதும் இல்லை. வட்ஸ்அப்பில் எழுதுவாள், பணம் வங்கிக்கு வந்துவிடும், ஓட்டோக்கார ஜனார்த்தனன் வந்து பைகளை ஏற்றிப் போவான். எங்கே விற்கிறாள் என்று இவர் விசாரித்ததில்லை. அந்த ஓடர் நின்றால் வீட்டில் தையல் மெஷின் நிற்கும், பன்விலவிலிருந்து பஸ் ஏறி வருகிற கலாராணிக்கும் வேலை போய்விடும்.

“இந்த நெட்டப் பொம்புள படம் எடுத்த ரெண்டாம் நாளே அந்த மாடல் ஒன்லைன்ல வருது புள்ள. இவதான் கொப்பி அடிக்கிறவனுக்குப் படம் குடுக்கிறா.”

“ரெண்டு நாளைக்குள்ள எப்புடி முதலாளி தைப்பாங்க?”

“கள்ளன்ட மெஷினுக்கு வேகம் கூட.”

அதற்குள் அந்தப் பெண் உள்ளே வந்துவிட்டாள். “நானா, புதுசு வந்தீக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டுச் சிரித்தாள். பதிலுக்குக் காத்திராமல் ஒரு மெரூன் அபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணாடி முன்னால் ஃபோனைத் தூக்கினாள்.

“தங்கச்சி, இந்தக் கைய கொஞ்சம் விரிச்சுப் புடிங்களேன், பூவேல தெரியட்டும்.”

கலாராணி பிடித்தாள். ஒன்று முடிந்து இரண்டு, இரண்டு முடிந்து மூன்று. மஹ்ரூப்புக்குக் கோபம்கூட வரவில்லை. போதும் போதும் என்றாகிவிட்டது. கதிரையை விட்டு மெல்ல எழுந்தார்.

“போதும், கழட்டி வைங்க.”

“ஏன் நானா?”

“மாசக் கணக்கா வாறீங்க. போட்டுப் பாக்கிறீங்க, படம் எடுக்கிறீங்க. ஒண்டாவது வாங்கினீங்களா? ஒங்கட படத்தப் பாத்து எவனோ கொப்பி தச்சு என்ட கடைக்கு மண்ணப் போடுறான். என்ட பொஞ்சாதி கண்ணு வலிக்க வலிக்கச் செஞ்ச வேல இது. ஒங்களுக்கு வெறும் படம்.”

அவள் முகம் சுருங்கிப்போனது. “நானா, நான் வந்து…”

“ஒண்டும் சொல்ல வேணாம். இனி இந்தக் கடப் பக்கம் வராதீங்க.”

அவள் அபாயாவைக் கழற்றினாள். கசங்காமல் மடித்து மேசையில் வைத்தாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

“கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம் முதலாளி” என்றாள் கலாராணி.

“மெதுவாப் பேசிப் பேசித்தான் புள்ள இந்த நெலம.” சொல்லிக்கொண்டே மெரூன் அபாயாவைத் திரும்பத் தொங்கவிட்டார். ஒரு பெண்பிள்ளையை இப்படி விரட்டியது இதுதான் முதல் தடவை. கடையைக் காப்பாற்ற வேறு என்னதான் செய்வது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். “இண்டைக்கு வியாழன். றமீலாட பை ரெண்டையும் வாசலுக்கு எடுத்து வை புள்ள.”

கொஞ்ச நேரத்தில் ஜனார்த்தனன் வந்தான். பைகளைத் தொடாமல் அவற்றின் பக்கத்திலேயே நின்றான்.

“ஏத்துங்க தம்பி.”

“ஏத்த வேணாமாம் முதலாளி. இனி எப்பவுமே வேணாமாம்.”

மஹ்ரூப் ஃபோனை எடுத்தார். “ஏன், உடுப்புல பிழையா? இரிங்க, றமீலாக்கு இப்பவே கோல் எடுக்கிறன்.”

“கோல் எதுக்கு? றமீலா மிஸ் வெளிய ஓட்டோவுலதான் உக்காந்திருக்காங்க.”

மஹ்ரூப் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். ஓட்டோவின் பின் சீட்டில் அந்த நெட்டைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கையில முதல் இல்லாதவங்க முதலாளி. இங்க போட்டுப் படம் எடுத்து, ஒன்லைன்ல போட்டு ஓடர் புடிச்சாத்தான் உங்ககிட்ட எடுக்கலாம். யாருன்னு தெரிஞ்சா நீங்களே அதுல எறங்கிருவீங்கன்னு பயந்து இவ்வளவு நாளும் சொல்லலியாம்” என்ற ஜனார்த்தனன், தயங்கித் தயங்கி மீதியையும் சொன்னான். “இத மட்டும் உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. ஒன்லைன்ல இருக்கிறது ஒண்ணும் கொப்பி இல்லியாம், எல்லாம் உங்க வீட்டுல தச்சதுதானாம்.”