மூலிகைதானே!

ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கி நின்று, பச்சை நிற மாத்திரைகள் மூன்றை ஒரே மடக்கில் விழுங்கினார் லிஃப்ட் மெக்கானிக். பிறகு வலது விலாவுக்குக் கீழே, கல்லீரல் இருக்கும் இடத்தை ஆசையாகத் தடவிக்கொண்டார்.

"டப்பாவுல வேளைக்கு ஒண்ணுன்னுதானே போட்டிருக்கு?" மனைவியின் முகம் சுருங்கியது.

"ஒண்ணு போட்டா மெதுவா வேலை செய்யும். நமக்கு வியாழக்கிழமைக்குள்ள தேறியாகணுமே!"

வியாழக்கிழமை ஆபரேஷன். தள்ளிப்போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முதல் நாளே போட்டு உடைத்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. அவருக்கு இறங்கியதெல்லாம் மச்சான் வாங்கி வந்த இந்த மாத்திரைதான்.

"எங்க அண்ணன் தும்மலுக்கே ஒம்போது வைத்தியம் சொல்ற ஆளு. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

"கேட்டா வேணாம்னுதான் சொல்வாங்க. நல்லது செஞ்சா நமக்கு லாபம். செய்யலைன்னா என்ன கெட்டுப்போச்சு? மூலிகைதானே! பெரிய லோடு ஏறப்போகுதுன்னா லிஃப்டுக்கு முன்னாடியே கிரீஸ் வெக்கிறோம்ல, அந்த மாதிரிதான்."

இருபத்தாறு வருஷம் லிஃப்ட் பார்த்த கை. எதையும் ரிப்பேர் ஆவதற்கு முன்பே சர்வீஸ் செய்துவிடுவார். ஒரு சொட்டு குடித்தறியாத மனிதர். அவர் வீட்டுக்கா இப்படி ஒரு சோதனை என்று தெருவே வாயடைத்துப் போயிருந்தது.

ஆபரேஷனுக்கு எத்தனை கையெழுத்து! யாரும் வற்புறுத்தவில்லை, சொந்த விருப்பம்தான் என்று மூன்று தடவை கேட்டு எழுதி வாங்கினார்கள். "கால்ல விழுந்து கேக்குறவன்கிட்ட இதை வேற கேக்கணுமா சிஸ்டர்?" என்று சொல்லிக்கொண்டே போட்டுக்கொடுத்திருந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"மருந்தா? ஒண்ணுமே இல்ல சார்."

"போன மாசம் எல்லாம் சரியா இருந்துச்சே. இப்ப கல்லீரல் டெஸ்ட்ல எல்லாம் ஏழெட்டு மடங்கு ஏறிக் கெடக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அதற்கு மேல் மனைவிக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்த டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"ஐயோ, அது மருந்து இல்ல சார். மூலிகை," என்றார் மெக்கானிக் அவசரமாக.

டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூலிகைன்னா மட்டும் கல்லீரல் சும்மா விட்டுடுமா? எது உள்ள போனாலும் அதுதான் பாடுபட்டாகணும். சில மூலிகை நல்லது செய்யலாம், நான் இல்லேங்கல. இதுல என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு ஒரு வரிகூட எழுதலையே. ஒரு நாளைக்கு எத்தனை போட்டீங்க?"

"ஒம்போது."

டாக்டர் டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"வியாழக்கிழமை ஆபரேஷன் இருக்குல்ல சார்?"

"இல்ல. இந்தக் கல்லீரல்ல யாரும் கத்தி வெக்க மாட்டாங்க."

"நான் நிறுத்திடறேன் சார். இப்பவே குப்பையில போட்டுடறேன். நிறுத்தினா சரியாயிடும்ல?"

"உங்களுக்குச் சரியாயிடும். அநேகமா ரெண்டு மாசத்துல பழையபடி ஆயிடும்."

போன மூச்சு அவருக்குத் திரும்பி வந்தது. வாயில் வந்ததைச் சொன்னார். "அப்ப ரெண்டு மாசம் கழிச்சு வெச்சுக்கலாம் சார்! அதுவரைக்கும் தாங்காதா என்ன?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க தாங்குவீங்க. உங்க கல்லீரல்ல பாதியை வாங்கிக்க இருந்த உங்க பொண்ணு தாங்க மாட்டாளே."