சார்ஜன்ட் துப்பாக்கிக்குப் புதுக் கொக்கி

விசையை இழுத்தால்தான் துப்பாக்கி வெடிக்கும் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். மிகுந்த வருத்தத்தோடு இதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

1943இல், ஜப்பான்காரர் பிடியில் இருந்த பிரிக்பீல்ட்ஸில் ரேஷன் அரிசி வரிசையை மேய்த்துக்கொண்டிருந்த ஜப்பான் சார்ஜன்டின் கைத்துப்பாக்கிக்கு அந்தச் சம்பிரதாயமெல்லாம் கிடையாது. மேசைமேல் ஓங்கி வைத்தாலே போதும்.

ஒருநாள் கோபத்தில் அப்படித்தான் வைத்தார். குண்டு அரிசி மூட்டையைத் துளைத்தது. எல்லாரும் குப்புற விழுந்தார்கள். வரிசையில் நின்ற மாரியாயி மட்டும், கொட்டிய அரிசி இருந்த இடமாகப் பார்த்து விழுந்தாள்.

அன்றிலிருந்து வரிசைக்கே ஒரே பிரார்த்தனை. ‘அடுத்த தடவை அது அவன் இடுப்பில் இருக்கும்போது வெடிக்கணும்.’ ரயில்வே சிக்னல்காரர் ராதாகிருஷ்ணன் பத்துமலை முருகனுக்குக் காவடியே நேர்ந்துகொண்டார்.

அப்போதுதான் அந்தச் செய்தி காதில் விழுந்தது. நேராகத் தையல் மெஷின் ரிப்பேர் கடைக்குப் போனார்.

“என்ன பாய், அவன் துப்பாக்கியை ரிப்பேர் பண்ணிக் கொடுத்தீங்களாமே?”

“ஆமாண்ணே. கொண்டுவந்து நீட்டினான். நீட்டின பக்கம் எனக்குப் பிடிக்கல” என்றார் சலாவுதீன்.

“தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே லா!”

“எனக்குத் தெரியாத மெஷினா? குண்டைத் தட்டுற சுத்தியல் மாதிரி பின்னாடி நிமிந்து நிக்குமே குதிரை, அதைப் பிடிச்சு வைக்க உள்ள ஒரு சின்னக் கொக்கி. அது தேஞ்சு மழுங்கிப் போச்சு. லேசா தட்டினாலே குதிரை நழுவிடும். பழைய தையல் மெஷின் இரும்புல புதுசா ஒண்ணு ராவி வெச்சேன். ஸ்பிரிங்கையும் மாத்திட்டேன். இனிமே அதை வெச்சு ஆணியே அடிக்கலாம். விசையை இழுத்தாத்தான் வெடிக்கும்.”

“அடப்பாவி மனுசா! அவன் தொடையிலேயே வெடிச்சிருக்கும். நல்லா வந்துகிட்டிருந்த காரியத்தைக் கெடுத்துட்டீங்களே!”

சலாவுதீன் சிரித்தார். “அதை விடுங்க. வீட்டுல மெஷின் ஏதும் மக்கர் பண்ணுதா? கடையில ஈ ஓட்டிக்கிட்டிருக்கேன்.”

“ஜப்பான்காரனுக்கு வேலை செஞ்ச கையில என் பெஞ்சாதி மெஷினா? துருப்பிடிச்சாலும் பிடிக்கட்டும்!”

தெருவும் அதையே சொன்னது. ஈக்கள் பெருகின.

அடுத்த அரிசி நாள். வரிசையில் ராதாகிருஷ்ணன் முதலில் நின்றார். அவருக்குப் பின்னால் வந்து நின்றது சலாவுதீன்.

துரோகியின் மூச்சுக்காற்று படக்கூடாதென்று ராதாகிருஷ்ணன் முகத்தை ரயில் பாதைப் பக்கம் வெடுக்கென்று திருப்பிக்கொண்டார். அதனால் சார்ஜன்ட் வந்ததை அவர் பார்க்கவில்லை.

வரிசை முழுக்க இடுப்பை வளைத்து வணங்கியது. ஜப்பான்காரர்களுக்குக் குனியாதவன் கதி ஊருக்கே தெரியும்.

“அண்ணே, குனிங்க!” என்று சலாவுதீன் கிசுகிசுத்தார்.

இவன் சொல்லி நான் குனிவதா? ராதாகிருஷ்ணன் இன்னும் விறைப்பாக நிமிர்ந்தார்.

“பாகேரோ!” முட்டாளே என்று ஜப்பான் மொழியில் ஒரு வசவு.

திரும்பினார். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அடுத்து, குதிரை நிமிர்ந்த துப்பாக்கி உறையிலிருந்து வெளியே வந்தது. சார்ஜன்ட் அதைத் தலைக்குமேல் தூக்கி மேசைமேல் ஓங்கி அறைந்தார்.

குழல் ராதாகிருஷ்ணனின் தொப்புளைப் பார்த்திருந்தது.

அவருக்குப் பின்னால் வரிசை மொத்தமும் குப்புற விழுந்தது. சலாவுதீன் மட்டும் குனிந்தபடியே நின்றார்.

வெடிக்கவில்லை.

ராதாகிருஷ்ணன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஓட்டை இல்லை. துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு, இத்தனை நாள் அந்தக் குழல் யார் யார் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது என்று வரிசையைப் பார்த்தார். கடைசியாக சலாவுதீனைப் பார்த்தார்.

“அரிசிப்பையைப் பிடிச்சுக்குங்க, அண்ணே” என்றார் சலாவுதீன் மெல்ல.

சார்ஜன்ட் ராதாகிருஷ்ணனை வெயிலில் நிற்கச் சொன்னார். நின்றார். நிற்க முடிகிறதே என்று சந்தோஷமாகவே நின்றார்.

அன்று சாயங்காலம் ராதாகிருஷ்ணன், மனைவியின் தையல் மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு கடைக்கு வந்தார்.

“என்ன கோளாறுண்ணே?”

“நீங்களே பாருங்க, பாய்.”

சலாவுதீன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். ஊசியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஒரு துணியைக் கொடுத்துத் தைத்தும் பார்த்தார்.

மெஷின் நன்றாகத்தான் இருந்தது.